விழத் தெரிந்தவர்கள்

யோகோசுனா அட்டை கைக்கு வந்துவிட்டால் போதும், "எடை" என்று ஒரே சொல்லில் எதிராளியின் அட்டையைப் பறித்துவிடலாம். தொண்ணூறுகளின் பின்பாதியில் செய்யாறு பேருந்து நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடைகளில், ஷாம்பு பாக்கெட் சரங்களுக்கும் பாக்குப் பொட்டலங்களுக்கும் நடுவே டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியின் கார்டுகள் கட்டுக்கட்டாகத் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மல்லன். அவன் படத்துக்குக் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று வரிசையாக எண்கள். கட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, மேலே இருக்கும் அட்டையை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு, எந்த எண்ணில் நம் ஆள் பெரியவன் என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்ல வேண்டும். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கோடை விடுமுறை முழுக்க இந்த ஆட்டம்தான். பவுண்டும் அங்குலமும் என் மண்டையில் ஏறியது அங்கேதான்.

அந்தக் கட்டில் பிரெட் ஹார்ட்டை யாருக்கும் பிடிக்காது. உயரத்தில் தோற்பான், எடையில் தோற்பான், மார்பில் தோற்பான். அண்ணன்கள் கையில் அந்த அட்டை வந்தால் முகம் சுருங்கும். எனக்கோ அதுதான் உயிர். ஆட்டத்தில் போனால் அழுது, சண்டை போட்டு, இரண்டு நல்ல அட்டைகளைக் கொடுத்தாவது மீட்டுக்கொள்வேன். இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த உடை, ஈரமான நீள முடி, கண்ணாடி. அவன் ரிங்குக்கு வரும்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றி, தடுப்புக்கு அப்பால் நிற்கும் குழந்தைகளில் ஒன்றுக்கு மாட்டிவிடுவான். அமெரிக்காவில் எந்த ஊரிலோ உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தையின் மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு அளவே இல்லை.

எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு எதிர்வீட்டு அத்தை வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஸ்டேபிலைசர் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ளும், படம் சுருங்கி விரியும், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் சேனல் பாதி நாள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அத்தை அரிசி புடைத்துக்கொண்டே, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி இந்தக் குஸ்தி" என்பாள். சொல்லிவிட்டு அவளும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொண்டை கிழியக் கத்துவதில் எங்களுக்குப் பிடிபட்டதெல்லாம் பெயர்கள் மட்டும். ஆனாலும் எவன் நல்லவன், எவன் கெட்டவன், எவன் யாருக்குத் துரோகம் செய்தான், எவன் பழிவாங்க வந்திருக்கிறான் என்பதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. நடுவர் முதுகைக் காட்டியதும் ஒருவன் நாற்காலியைத் தூக்கினால் அத்தை, "அடப்பாவி, பின்னால பாருய்யா" என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள். பாஷை தெரியாத ஒரு கூடத்தையே இப்படிக் கத்தவைக்கிறார்களே, அந்தக் கலையின் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அது இன்றுவரை குறையவில்லை.

தாத்தா மட்டும் கத்த மாட்டார். வாசற்படியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, புகையிலையை அதக்கியபடி பார்ப்பார். வாலிபத்தில் வேலை தேடிச் சென்னைக்குப் போயிருந்தபோது தாராசிங்–கிங்காங் குஸ்தியை நேரில் பார்த்தவர் அவர். கிங்காங் என்பது எமில் சாயா என்ற ஐரோப்பியருக்கு இருந்த மேடைப்பெயர். சிங்கப்பூரைத் தன் ஊராக்கிக்கொண்டு கிழக்கு நாடுகள் முழுக்கச் சுற்றியவர். தாராசிங் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, அவரும் சிங்கப்பூருக்குப் போய்த்தான் தொழில் கற்றார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்த இரண்டு பேரும் ஊர் ஊராக மோதினார்கள். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் மைதானங்களில் பிதுங்கியது. 1968-ல் பம்பாயில் அமெரிக்க சாம்பியன் லூ தெஸ்ஸைத் தாராசிங் வீழ்த்தினார். பின்னால் அவரே தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாக வந்தபோது எங்கள் தாத்தா டிவிக்கு முன்னால் எழுந்து நின்றாராம். பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"தாராசிங்கு ஜெயிப்பாருன்னு முன்னாடியே தெரியுமா தாத்தா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் கண்ணு. அதுக்கோசரம் போவாம இருப்பாங்களா? அந்த மல மாதிரி ஆளு எப்டி வுழுறான்னு பாக்கத்தான் போனோம். வுழுறவன பாரு. அவன்தான் வேலைக்காரன்."

இதை அவர் மல்லர்களிடம் கற்கவில்லை, கூத்தில் கற்றார். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிகிற அன்று காலையில் படுகளம் நடக்கும். கோயிலுக்கு முன்னால் திறந்த வெளியில் களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள், ஒரு வீட்டைவிட நீளமாக. விடிய விடிய ஆடிய கண்களோடு வீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணுடலைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஏறி, துரத்தி மோதுவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் சேர்ந்த கனத்தைச் சுமந்துகொண்டு வெயிலில் ஓடுகிற துரியோதனனுக்கு மூச்சு வாங்குவது நடிப்பில்லை. தொடையில் புதைத்துவைத்த பானையை வீமன் கதையால் உடைத்ததும் செக்கச்செவேலென்று சாயம் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் துரியோதனனுக்காக மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கெட்டவன்தான், சாகவேண்டியவன்தான், எத்தனையோ தலைமுறையாக ஆண்டுதோறும் சாகிறவன்தான். ஆனாலும் அழுகை வருகிறது. வேஷம் கட்டியவர் விழுகிற விதத்தில் வருகிற அழுகை அது. சுமாரான துரியோதனன் வாய்த்த வருஷத்தில் படுகளம் சப்பென்று போய்விடும் என்று தாத்தா சொல்வார். வீமன் சுமாராக இருந்தால் பாதகமில்லை.

அதனால் டிவியில் எங்கள் கண்ணெல்லாம் அடிக்கிறவன் மேல் இருக்க, தாத்தாவின் கண் அடிவாங்குகிறவன் மேல் இருக்கும். அவர் காட்டித்தான் நானும் பார்க்கத் தொடங்கினேன். தூக்கி எறியப்படுகிறவன் மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறான், பின்மண்டை தரையில் படக்கூடாது. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி தட்டையாக விழுகிறான், இரண்டு உள்ளங்கைகளும் கூடவே ஓங்கி அறைகின்றன. அந்த அறையில்தான் சத்தம் வருகிறது, அடியும் பரவிப் போய்விடுகிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் 'பம்ப்'. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய நுரைமெத்தை, இழுத்துக் கட்டிய கேன்வாஸ், இவ்வளவுதான் ரிங். மெத்தைமேல் விழுகிறார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தப் பலகையில் ஒருமுறை படுத்துப் பார்க்கட்டும். விழுந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. எந்த இடத்தில் அடிபட்டதோ அந்த இடத்தை ஆட்டம் முடியும்வரை மறக்கக்கூடாது. இடது முழங்காலில் வாங்கியவன் பத்து நிமிஷம் கழித்துத் தான் ஜெயிக்கும்போதும் இடது காலை இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். இதற்கு 'செல்லிங்' என்று பேர். பிரெட் ஹார்ட்டுக்கு இணையாக இதைச் செய்தவர்கள் மிகச் சிலர்தான். மூலைக் கம்பத்தில் அவன் நெஞ்சு நேராகப் போய் மோதும்போது அத்தை முறத்தைப் பிடித்துக்கொள்வாள்.

கனடாவில் கால்கரி என்ற ஊரில் பிரெட்டின் அப்பா ஸ்டூ ஹார்ட் 'ஸ்டாம்பீட்' என்று ஒரு மல்யுத்தக் கம்பெனி நடத்தினார். வீட்டின் நிலவறையில் பயிற்சிக்கூடம். 'டஞ்சன்' என்று அதற்குப் பேர். பிள்ளைகளும் மருமக்களும் வெளியூர்ப் பையன்களும் அங்கே உடம்பை வளைத்துத் தொழில் கற்றார்கள். நம் ஊரில் பரம்பரை பரம்பரையாகக் கூத்தாடும் குடும்பங்கள் மாதிரிதான். தன்னோடு மோதிய ஒருவருக்கும் பெரிய காயம் வரவிட்டதில்லை என்பதையே பிரெட் ஹார்ட் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஜெயித்த பட்டங்களை அவர் அதற்கு அடுத்தபடியாகத்தான் வைத்தார். இந்தத் தொழிலில் என் உடம்பை நான் எதிராளியின் கையில் கொடுக்கிறேன், அவன் தன் உடம்பை என் கையில் கொடுக்கிறான். அவன் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். சண்டை என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு பேர் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் காரியத்தை. அது தெரிந்த பிறகு எனக்கு இந்தக் கலை இன்னும் பெரிதாகிப் போனது.

அண்ணன்களுக்கு அண்டர்டேக்கர்தான் சாமி. அவனுக்கு ஏழு உயிர், செத்துச் செத்துப் பிழைப்பான் என்ற கதை செய்யாற்றில் மட்டுமில்லை, இந்தியா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் ஓடியது. யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியாது. ஆனால் அதற்கு விதை போட்டது அந்தக் கம்பெனிதான். 1994 ஜனவரியில் யோகோசுனாவும் இன்னும் பல பேரும் சேர்ந்து அவனைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். பெட்டியிலிருந்து புகை வந்தது, அவன் உருவம் கூரையை நோக்கி மேலே போனது. பிறகு பல மாதம் ஆளே இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில் இரண்டு அண்டர்டேக்கர் வந்து ஒருவரோடொருவர் மோதினார்கள். போலியாக வந்தவர் பிரையன் லீ. 1996-ல் 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்தில் அக்‌ஷய் குமாரோடு மோதும் அண்டர்டேக்கரும் அதே பிரையன் லீதான். அக்‌ஷய் குமார் அண்டர்டேக்கரையே தூக்கிவிட்டார் என்று எங்கள் தெருவில் நடந்த வாக்குவாதத்துக்கு அளவில்லை. கையில் அஸ்திக் கலசத்தோடு, ஒப்பாரிக் குரலில் பேசிக்கொண்டு அண்டர்டேக்கருக்கு முன்னால் நடந்து வரும் பால் பேரர், நிஜ வாழ்க்கையிலும் சவ அடக்கத் தொழிலைப் படித்துச் செய்தவர். எவ்வளவு பொருத்தமாக ஆளைப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்த ஆள்தான் 1997-ல் கதையைத் திருப்பினார். சின்ன வயதில் தீயில் செத்துப்போனதாக நீ நினைத்துக்கொண்டிருக்கும் உன் தம்பி சாகவில்லை என்று அண்டர்டேக்கரிடம் சொன்னார். அவன் பேர் கேன். வருகிறான், வருகிறான் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி செயின்ட் லூயிஸில், இரும்புக் கூண்டுக்குள் அண்டர்டேக்கர் ஷான் மைக்கேல்ஸோடு மோதிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்து சிவப்பானது. முகமூடி போட்ட ஒருவன் நிதானமாக நடந்து வந்து கூண்டின் கதவைப் பிய்த்து எறிந்தான். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை இல்லை. அண்ணனை அண்ணனுடைய அடியாலேயே வீழ்த்திவிட்டு அவன் போனான். அதற்குப் பிறகும், கூடப் பிறந்தவனை அடிக்க மாட்டேன் என்று அண்டர்டேக்கர் மாதக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தான். கர்ணனும் அருச்சுனனும் நிற்கிற இடத்தைத் தெரிந்த எங்கள் கூடத்துக்கு இதையெல்லாம் யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. முகமூடிக்குள் இருந்த கிளென் ஜேக்கப்ஸ் அதற்குமுன் பல் டாக்டர் வேஷத்தில் வந்து எடுபடாமல் போனவர். பிற்பாடு 2018-ல் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுண்டியின் மேயராகத் தேர்தலில் ஜெயித்தார்.

ஆனால் கதையென்றால் எனக்கு 1997 மார்ச் 23-தான். கம்பெனியின் வருஷாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 13, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட். பிரெட் ஹார்ட் நல்லவன், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் கெட்டவன். 'தோற்றேன்' என்று ஒருவன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் ஆட்டம் முடியும். நாற்காலியும் மணியும் தடுப்புச் சுவரும் எல்லாம் பட்டு ஆஸ்டினின் நெற்றி கிழிந்து முகம் முழுக்க ரத்தம். ரத்தத்துக்குக் கம்பெனி தடை போட்டிருந்த காலம் அது. இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி ரகசியமாகச் செய்தார்கள் என்று பின்னால் அவர்களே சொன்னார்கள். கடைசியில் பிரெட், ஆஸ்டினின் கால்களைப் பின்னிக் குப்புறத் திருப்பி ஷார்ப்ஷூட்டர் போட்டான். ஆஸ்டின் கைகளை ஊன்றி மேலே எம்பினான். பல்லிடுக்கில் ரத்தம் வழிய வாயைத் திறந்து அலறினானே தவிர, அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எம்பினான், விழுந்தான், திரும்ப எம்பினான். பிறகு நினைவிழந்து தலையைக் கீழே போட்டான். ஆட்டம் பிரெட்டுக்கு. ஜெயித்த பிரெட், மயங்கிக் கிடந்தவனை மறுபடி அடிக்கப் போனான். அந்த ஒரு நொடியில் அரங்கம் அவனைப் பார்த்து ஊளையிட்டது. ஆஸ்டின் எழுந்தான், தாங்க வந்த நடுவரையே அடித்துப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே தானாக நடந்து போனான். கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது.

ஒரே ஆட்டத்துக்குள் நல்லவன் கெட்டவனாகவும் கெட்டவன் நல்லவனாகவும் மாறியாகிவிட்டது. ஜெயித்தவன் எல்லாவற்றையும் இழந்தான், தோற்றவன் ஊரையே ஜெயித்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் ஆள் ஜெயித்திருக்கிறான், எனக்கு அழுகை வருகிறது. திரும்பித் தாத்தாவைப் பார்த்தேன். "அந்த மொட்டயன் பெரிய வேலைக்காரன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒன் ஆளும்தான். அவனுக்கு வழி வுட்டான் பாரு" என்றார். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். தாத்தா சொன்னதைத் தாண்டி அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வருஷக் கோடையில் நடந்தது இன்னும் பெரிய விந்தை. பிரெட்டும் தம்பி ஓவனும் மைத்துனர்களும் ஒரே அணி. அமெரிக்காவில் போகிற ஊரெல்லாம் வசவு. எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் கால் வைத்தால் அதே ஆட்கள் கோயில் தேர்போலக் கொண்டாடப்பட்டார்கள். ஜூலையில் கால்கரியில் சொந்த ஊர்க்காரர்கள் போட்ட சத்தத்தை எங்கள் அத்தை வீட்டு டிவியின் ஸ்பீக்கர் தாங்கவில்லை.

பிறகு ஒரு நாள் என் ஆள் காணாமல் போனான். அந்த வார நிகழ்ச்சியில் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. எங்கள் ஊருக்கு எல்லாம் பிந்தித்தான் வரும் என்பதால் என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கல்லூரிக்காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து படித்துத்தான் முழுக்கதையும் எனக்குத் தெரிந்தது. அது ரிங்கின் கதை இல்லை, கல்லாப்பெட்டியின் கதை.

ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்கச் சின்னச் சின்ன மல்யுத்தக் கம்பெனிகள் இருந்தன. அவரவர் எல்லைக்குள் அவரவர் ஆட்டம். 1948-ல் உண்டான என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பு அந்த எல்லைகளைக் காத்தது. நியூயார்க் பக்கத்துக் கம்பெனியை, அதாவது டபிள்யூ டபிள்யூ எஃப்-ஐ, 1982-ல் தன் தகப்பனிடமிருந்து விலைக்கு வாங்கினார் வின்ஸ் மெக்மேன். கேபிள் டிவி வந்துவிட்டது, இனி எல்லை எதற்கு என்று மற்றவர்களின் ஆட்களையும் ஊர்களையும் வாரிச் சுருட்டினார். 1985-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ரெஸில்மேனியா, நடுவராக முகமது அலி. 1989-ல் நியூஜெர்சி மாநில செனட் முன்னால் அவருடைய கம்பெனியே வந்து, எங்களுடையது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று சொன்னது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் கட்டணமும் வேண்டாம் என்பதற்காகத்தான். எத்தனை தலைமுறை மல்லர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியத்தைக் கணக்கு வழக்குக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

போட்டிக்கு டெட் டர்னரின் டபிள்யூ.சி.டபிள்யூ. முளைத்தது. திங்கட்கிழமை இரவுகளில் இரண்டு கம்பெனிக்கும் நேருக்கு நேர் மோதல். 83 வாரம் தொடர்ந்து டர்னர் பக்கமே கூட்டம். 1996-ல் பிரெட்டுக்கு 20 வருஷ ஒப்பந்தம் கொடுத்த மெக்மேன், அடுத்த வருஷமே அந்தப் பணம் கட்டுப்படியாகாது, நீ அங்கேயே போய்விடு என்றார். பட்டம் பிரெட்டிடம் இருந்தது. ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றுவிட்டுப் போ என்றார்கள். என் நாட்டு மண்ணில், அதுவும் அவனிடம் மாட்டேன், வேறு ஊரில் வேறு நாளில் கொடுத்துவிடுகிறேன் என்றார் பிரெட். கடைசி நாட்களில் தன் கதையைப் பற்றிப் பேச ஒப்பந்தமே அவருக்கு உரிமை கொடுத்திருந்தது. சரி, குழப்பத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். ஆட்டத்தின் நடுவில் மைக்கேல்ஸ் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டரையே பிரெட்டுக்குப் போட்டான். அதிலிருந்து திருப்பிக்கொண்டு வெளியே வருவது பேச்சு. பிரெட் திரும்பத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. பிரெட் வாய் திறக்கவில்லை, கையைத் தட்டவில்லை. ரிங்குக்குப் பக்கத்தில் நின்று மணியை அடி என்று கத்தியவர் மெக்மேன். நடுவர் எர்ல் ஹெப்னர் கீழே இறங்கி ஓடியே போய்விட்டார். பிரெட் எழுந்து நின்று, நடந்தது புரிந்து, முதலாளியின் முகத்தில் துப்பினார். போகப்போகிற கம்பெனியின் மூன்று எழுத்துகளைக் காற்றில் விரலால் எழுதிக்காட்டினார். அந்தச் சமயத்தில் பால் ஜே என்ற இயக்குநர் பிரெட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்ததால், மெக்மேன் கொடுத்த வாக்கு ஒலிப்பதிவாகவே இருக்கிறது. தோற்பதற்கு அவர் அஞ்சினார் என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பெரியவர்களாக்க விழுந்து கொடுத்த மனிதர் அவர். எங்கே, யார் கையில் விழுவது என்று ஒரே ஒரு முறை கேட்டார். அந்த உரிமையைக்கூடத் தரவில்லை என்பதில் எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருஷத்தில் தணியவில்லை.

அந்தத் துரோகத்தையும் கம்பெனி காசாக்கிக்கொண்டது. மக்கள் வெறுக்கிறார்களா, சரி, நானே வில்லன் என்று மெக்மேன் கோட்டு சூட்டோடு ரிங்குக்குள் வந்தார். தொழிலாளியான ஆஸ்டின் அவரை வாராவாரம் உதைத்தான். முதலாளியிடம் கைகட்டி நிற்கிறவர்கள் நிறைந்த உலகம் அதைப் பார்த்துக் குதித்தது. 1999 அக்டோபரில் கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனது. 2001-ல் எதிர்க் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது.

பங்குச்சந்தைக்குப் போன அதே வருஷம், மே 23-ஆம் தேதி, கன்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் செத்துப்போனான். பிரெட்டின் தம்பி, வீட்டின் கடைக்குட்டி. 'புளூ பிளேசர்' என்ற கோமாளி வீரன் வேஷத்தில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கி இறங்குவதாக ஏற்பாடு. கொக்கி பாதியில் விடுபட்டது. 78 அடி உயரத்திலிருந்து ரிங்கின் மூலையில் விழுந்தான். வயது 34. அந்த நேரத்தில் டிவியில் வேறொரு படத்துண்டு ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டில் இருந்தவர்கள் விழுந்ததைப் பார்க்கவில்லை. இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை, நிஜம் என்று ஜிம் ராஸ் சொல்லவேண்டி வந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அடுத்த ஆட்டம் தொடங்கியது. அதே ரிங்கில்.

பேப்பரில் வந்த சின்னச் செய்தியை அண்ணன் படித்துக்காட்டினான். தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆட்டத்த நிறுத்தலியா?"

"இல்ல தாத்தா. கடைசி வரைக்கும் நடத்தினாங்களாம்."

தாத்தா எழுந்து வெளியே போய்ப் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார். மேடையில் வேஷக்காரருக்கு மயக்கம் வந்தாலே மத்தளத்தை நிறுத்திவிடுவார்கள், ஊரே எழுந்து தண்ணீர் கொண்டு ஓடும், அதை நான் பார்த்திருக்கிறேன். தாத்தா அதற்குப் பிறகு எதிர்வீட்டு வாசற்படிக்கு வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

அந்த அட்டைக் கட்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் அற்பாயுசில் போய்விட்டார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஜப்பானிய சுமோ வீரனாக வந்த யோகோசுனா உண்மையில் சமோவா வம்சத்து அமெரிக்கர், ராட்னி அனோவாய். 34 வயதில் லிவர்பூலில் ஒரு ஓட்டல் அறையில் இறந்தார். எந்த எடையைச் சொல்லி நாங்கள் அட்டைகளைப் பறித்தோமோ அதைத்தான் அவருடைய இதயம் சுமந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் புல்டாக் 39-ல். ரிக் ரூட் 40-ல். மிஸ்டர் பெர்ஃபெக்ட் 44-ல். வலி மாத்திரை, ஸ்டீராய்டு, வருஷத்தில் பெரும்பாலான இரவுகள் வீட்டுக்கு வெளியே. இத்தனைக்கும் கம்பெனியின் கணக்கில் இவர்கள் ஊழியர்கள் இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். ரிங்கில் பட்ட காயத்துக்கு வைத்தியம் பார்க்கும். வீட்டுக்கும் உடம்புக்குமான காப்பீடு அவரவர் பாடு. சங்கம் இல்லை. எண்பதுகளில் ஜெஸ்ஸி வென்சுரா சங்கம் வைக்கலாம் என்று சக மல்லர்களிடம் பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. பின்னாளில் மின்னசோட்டா மாநில ஆளுநரான அதே வென்சுராதான். இன்று அந்தக் கம்பெனி யு.எஃப்.சி. என்ற சண்டைப் போட்டிக் கம்பெனியோடு இணைந்து டி.கே.ஓ. ஆகிவிட்டது. வாராந்திர 'ரா' நிகழ்ச்சியை முக்கியமாக வைத்துப் பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் தர நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. முதுகைத் தரையில் அறைந்து கதை சொல்கிறவர்கள் அந்தப் பையன்களும் பெண்களும். அவர்களை ஊழியர் என்று எழுத இவ்வளவு பணம் போதாதா?

ஓவனின் மனைவி மார்த்தா வழக்குப் போட்டார். 2000-ல் ஒரு கோடியே 80 லட்சம் டாலரில் தீர்ந்தது. அந்தப் பணத்திலிருந்து ஓவன் பேரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு வீடும் பிள்ளைகளுக்குப் படிப்பும் என்று செலவிட்டு வருகிறார். கம்பெனி தன்னுடைய 'ஹால் ஆஃப் ஃபேம்' மேடையில் ஓவனை ஏற்றிக் கௌரவிக்க விரும்பியது, ரசிகர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மார்த்தா ஒப்பவில்லை. என் புருஷனை வைத்து நீங்கள் இனி ஒரு கதை சொல்ல வேண்டாம் என்பது அவர் நிலை. பிடிவாதம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அவர் பக்கம். 2022-ல் ஏ.இ.டபிள்யூ. என்ற புதிய கம்பெனி அவருடைய அறக்கட்டளையோடு சேர்ந்து ஓவன் பேரில் ஒரு போட்டி நடத்தியது. மே மாதம் லாஸ் வேகாஸில் நடந்த இறுதி ஆட்டங்களுக்குப் பிறகு மார்த்தாவே வந்து மேடையில் பேசினார். ஜெயித்த ஆடம் கோலுக்கும் பிரிட் பேக்கருக்கும் கொடுத்த பெல்ட்டுகள் இளஞ்சிவப்பிலும் கறுப்பிலும் இருந்தன. அந்த ஒளிபரப்பை நானும் அண்ணனும் ஆளுக்கொரு ஊரில் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் அவன் போன் செய்து, தாத்தா இருந்திருந்தால் எதிர்வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பார் என்றான்.